முன்னறையில் மரம்

வீடு என்று ஒன்று இருந்தால் அதற்குத் தரை என்று ஒன்று வேண்டும் என்பதில் இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு வந்ததில்லை. சுவர் இல்லாவிட்டால் திரையைத் தொங்கவிடலாம். கூரை ஒழுகினால் பாத்திரத்தை வைக்கலாம். தரையே இல்லாவிட்டால் அந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது? இவ்வளவு முக்கியமான ஒரு பொருளைப் பொதுமக்களின் புத்திக்கு விட்டுவிடக் கூடாது, அவரவர் தம் இஷ்டத்துக்கு எதன் மேல் வேண்டுமானாலும் நடந்துவிடக் கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தோடு நகர நிர்வாகம் ‘உள்தரை ஒழுங்காற்று அலுவலகம்’ என்று ஒன்றைத் திறந்து வைத்திருந்தது. அந்த அலுவலகத்தின் வாசற்படி மட்டும் உடைந்திருந்தது. படி தரையில் சேராது என்பதால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

புரூஃப் சாருக்கு அந்த அலுவலகத்தோடு எந்தப் பகையும் கிடையாது. அவர் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். பிழையைத் திருத்துவதுதான் வேலை என்றாலும், உண்மையில் அவருக்குப் பிடித்த வேலை அதிகப்படியான சொல்லை அடிப்பது. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. “மேல ஏறி அந்தப் பெட்டிய எடுங்க” என்று மனைவி சொன்னால், “‘மேல’ வேண்டாம்மா. கீழ யாரும் ஏற மாட்டாங்க” என்று திருத்திவிட்டுத்தான் ஏறுவார். சில நாள் திருத்திவிட்டு ஏறாமலே இருந்துவிடுவதும் உண்டு.

மனைவி பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் தொங்காமல் யாரும் பார்த்ததில்லை. மைதானத்தை விரட்டி விரட்டிச் சுற்ற வைத்த மனுஷி, சொந்த வீட்டு முன்னறையில், தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லாத பட்டப்பகலில் வழுக்கி விழுந்தாள். அது பளபளவென்று முகம் தெரிகிற டைல்ஸ். “குனிஞ்சா கண்ணாடியே வேண்டாம்க்கா” என்று சொல்லி அவள் தம்பிதான் போட வைத்தான். அவளும் நம்பிக் குனிந்து பார்த்தாள். அடுத்து அவளுக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரியின் கூரை.

கட்டைப் பிரித்த டாக்டர், “கால் நல்லாக் கூடிருச்சு. தைரியம்தான் இன்னும் கூடல” என்றார். “அந்தத் தரையை மாத்துங்க சார். நம்பிக் கால வைக்கற மாதிரி ஒண்ணு போடுங்க. இல்லன்னா இவங்க ஆயுசுக்கும் இப்படியே செவுத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் போவாங்க.”

அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து சமையலறைக்குச் சுவரோரமாகப் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போவாள். முன்னறைப் பக்கம் திரும்பவே மாட்டாள். தெருவைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலில் உட்கார்ந்தபடி விசில் ஊதுவாள். முன்பெல்லாம் தெருக்கோடி வரை கேட்ட விசில், இப்போது அடுத்த அறைக்குத்தான் கேட்டது. அது காதில் விழுந்ததும் புரூஃப் சார் திருத்திக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்.

ஆகவே தரை மாற்றுவது என்று முடிவாயிற்று. மச்சானுக்குத் தகவல் போயிற்று.

மச்சான் தொழிலால் உள்ளலங்கார ஆலோசகன். அதாவது, போன வருஷம் நீங்கள் வாங்கியது தப்பு என்று இந்த வருஷம் வந்து சொல்லுகிறவன். போன வருஷம் வாங்கச் சொன்னதும் அவனாகத்தான் இருக்கும். வாயைத் திறந்தாலே “லேட்டஸ்ட்டா” என்று ஆரம்பிப்பதால் தெருவில் அவன் பெயரே லேட்டஸ்ட்டு. கையில் மூன்று மாதிரித் துண்டுகளோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் பரப்பினான்.

“அக்கா, லேட்டஸ்ட்டா மூணே மூணுதான். கம்பளம், லேமினேட்டு, மரம்.”

“முகம் தெரியுமாடா?”

“எதுலயும் தெரியாதுக்கா.”

“ரொம்ப நல்லது.”

புரூஃப் சார் நடுவிலிருந்த துண்டைத் தூக்கிப் பார்த்தார். “மரம் தெரியும், கம்பளம் தெரியும். இது என்னடா?”

“லேமினேட்டு மாமா. மரத்தூள அமுக்கிப் பலகையாக்கி, அதுமேல மரத்தப் போட்டோ எடுத்து ஒட்டியிருப்பாங்க.”

“மரத்தூள் மேல மரத்தோட போட்டோவா?”

“ஆமா.”

இறந்தவர் மேலேயே அவர் படத்தை மாட்டியது போல இருந்தது புரூஃப் சாருக்கு. ஆனாலும் துண்டை இருந்த இடத்திலேயே வைத்தார். நடக்கப் போவது அவர் இல்லையே.

டீச்சரம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு முதலில் கம்பளத்தில் காலை வைத்தாள். குதிகால் புதைந்தது. “நாய்க்குட்டி மேல நிக்கற மாதிரி இருக்கு. பாவமா இருக்குடா” என்று எடுத்துக்கொண்டாள். லேமினேட்டில் வைத்தாள். டொக் டொக்கென்றது. “யாரோ கதவத் தட்டற மாதிரி இருக்கு. நடக்க நடக்க நானே போய்த் தொறந்துக்கிட்டே இருக்கணும்.” கடைசியாக மரத்தில் வைத்தாள். சத்தமில்லை, புதையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தன்னை அறியாமல் கட்டிலிலிருந்து கையை எடுத்தாள்.

“இது புடிச்சுக்குது” என்றாள்.

கையை எடுத்ததை அவள் கவனிக்கவில்லை. புரூஃப் சார் கவனித்தார். அந்த நிமிஷமே விலாசத்தை விசாரித்துக்கொண்டு உள்தரை ஒழுங்காற்று அலுவலகத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

அங்கே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே ஒருவர். தரை சம்பந்தப்பட்ட சகல விவகாரங்களும் அந்த ஜன்னல்காரர் கையில்தான்.

“சார், முன்னறைக்கு மரம் போடணும்” என்றார் புரூஃப் சார்.

“எடுத்ததும் மரத்துக்குத் தாவ முடியாது. விதிப்படி முதல்ல கம்பளம். கம்பளம் ஏன் வேண்டாம்?”

“கால் புதையுது சார்.”

“அதெல்லாம் காரணமே இல்ல. கம்பளம் விரிச்சா வரவேற்புன்னு அர்த்தம். யார வரவேற்கறீங்கன்னு முன்கூட்டியே தெரிவிக்கணும். அவர் வந்து நடந்து முடிச்சதும் சுருட்டிரணும். உங்க வீட்டுக்குப் பெரிய மனுஷங்க யாராச்சும் வர்றதுண்டா?”

“மச்சான் வருவான்.”

“அவர் பெரிய மனுஷரா?”

“அப்படின்னு அவன் சொல்லிக்கறான்.”

ஜன்னல்காரர் கம்பளத்தை அடித்துவிட்டார். “லேமினேட்டு?”

“அது மரம் மாதிரியே…”

“மாதிரியா, மரமா?”

“மாதிரிதான்.”

ஜன்னல்காரர் பேனாவைக் கீழே வைத்தார். “மரமில்லாத ஒண்ணு மரம்னு வேஷம் போட்டுக்கிட்டு, பொம்பளைங்க இருக்கற வீட்டுக்குள்ள நுழையுது. நீங்களும் தெரிஞ்சே இடம் குடுக்கறீங்க. இது ஆள்மாறாட்டம். தரை அலுவலகம் பாக்காது, எதிர்க் கட்டடத்துல போய் வாக்குமூலம் குடுக்கணும். போறீங்களா?”

“வேண்டாம் சார். மரமே போட்டுக்கறேன். மரம் நேர்மையானது.”

“அப்படி வாங்க வழிக்கு. என்ன போடறீங்கன்னு இந்தக் கட்டத்துக்குள்ள எழுதுங்க.”

கட்டம் தீப்பெட்டி அளவுதான் இருந்தது. புரூஃப் சார் முதலில் ‘வீட்டின் முன்னறையில் மரப்பலகைத் தரை அமைத்தல்’ என்று எழுதினார். எழுதியதும் அவருடைய வலது கை பழக்கதோஷத்தில் தானாக வேலையை ஆரம்பித்தது. முன்னறை வீட்டில்தான் இருக்கும், ஆகவே ‘வீட்டின்’ போகட்டும். மரம் பலகையாகத்தான் வரும், ‘பலகை’ போகட்டும். அமைக்காமல் பின்னே அழகு பார்க்கவா அனுமதி கேட்கிறோம், ‘அமைத்தல்’ போகட்டும். மிஞ்சியது ‘தரை’. தரை அலுவலகத்தில் வந்து நின்றுகொண்டு தரை என்று எழுதுவது கூறியது கூறல் அல்லவா? அதையும் அடித்தார்.

கடைசியில் கட்டத்துக்குள் நின்றது இதுதான்: ‘முன்னறையில் மரம்.’

கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஜன்னல்காரரே அசந்துபோய், “இவ்வளவு சுருக்கமா யாரும் எழுதினதில்ல சார்” என்று பாராட்டி வாங்கிக்கொண்டார். வாங்கியவர் ‘மரம்’ என்ற சொல்லைப் பார்த்தார். அது மரப் பிரிவுக்குப் போக வேண்டியது என்று பக்கத்து மேஜையில் வீசினார்.

மறுநாள் காலையிலேயே அனுமதி வந்துவிட்டது. ஓர் அலுவலகம் சீக்கிரம் வேலை செய்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். புரூஃப் சாருக்குத் தோன்றவில்லை. ‘மரம் வைக்க இடமில்லை என்று குடிமக்கள் கைவிரிக்கும் இக்காலத்தில், தாம் குடியிருக்கும் முன்னறையையே ஈந்த தங்கள் வள்ளன்மையை இவ்வலுவலகம் போற்றுகிறது’ என்று அதில் இருந்தது. ‘வள்ளண்மை’ என்று அச்சாகியிருந்ததைச் சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டு, தச்சரை வரச் சொன்னார்.

தச்சர் வந்து டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, தேன் நிறத்தில் பலகைகளைப் பதித்துவிட்டுப் போனார். அறையே வேறு அறையாகிவிட்டது. விடிந்ததும் நடப்பதென்று தீர்மானம். டீச்சரம்மா தலையைச் சீவி, விசிலை மாட்டிக்கொண்டு, உள்ளறை வாசலில் வந்து நின்றாள். வலது காலைத் தூக்கினாள்.

அப்போது தெருக்கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். காக்கிச் சட்டையில் பச்சை இலை குத்தியிருந்தார்.

“நான் மர அலுவலர். மரத்தப் பாக்க வந்தேன். மரம் எங்க?”

“அதுமேலதான் சார் நிக்கறீங்க” என்றார் புரூஃப் சார் பெருமையாக.

மர அலுவலர் கீழே பார்த்தார். ஒரே தாவலில் வாசற்படிக்குப் போய் நின்றுகொண்டார். “முதல்லயே சொல்லக் கூடாதா? குத்தம் ஆயிருக்கும்!” மூச்சு வாங்கிக்கொண்டு, படியில் நின்றபடியே குனிந்து அறையை நாலு மூலையும் பார்த்தார். அவர் ஆச்சரியப்படுவார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், உங்களுக்கு அலுவலகங்களோடு பழக்கம் போதாது. ‘மரம் படுத்த நிலையில் உள்ளது. இலை இன்னும் விடவில்லை’ என்று எழுதிக்கொண்டார். டீச்சரம்மாவின் தூக்கிய கால் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

“அம்மா! கால எடுங்க! அரசாங்க மரத்துல ஏறக் கூடாது!”

“ஏறலைங்க. நடக்கப் போறேன்.”

“மரத்து மேல கால் வச்சா அதுக்குப் பேரு ஏறறது. எவ்வளவு உயரம்கறது விதியில கிடையாது.”

டீச்சரம்மா காலைக் கீழே வைத்தாள், உள்ளறைப் பக்கமாக. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். விசில்கூட ஊதவில்லை.

“தெனம் ஒரு பக்கெட்டுத் தண்ணி ஊத்தணும். வாட விட்டீங்கன்னா உங்கமேலதான் வரும். பறவை வந்தா தொரத்தக் கூடாது” என்று சொல்லிவிட்டு மர அலுவலர் புறப்பட்டார்.

புரூஃப் சாருக்கு அப்போதுதான் தாம் அடித்த ‘தரை’ கண் முன்னால் வந்து நின்றது. ஜன்னலுக்கு ஓடினார். “சார், ஒரு சொல் விட்டுப்போச்சு. மரத்துக்குப் பக்கத்துல ‘தரை’ன்னு சேக்கணும். அது மரம் இல்ல, தரை.”

“அப்போ நேத்து இருந்த மரம் என்னாச்சு?” என்றார் ஜன்னல்காரர்.

“மரமே இல்லையே சார்.”

“பதிவுல இருக்கு. பதிவுல இருந்த மரம் இன்னிக்கு இல்லன்னா அதுக்குப் பேரு வெட்டறது. வெட்டினீங்களா?”

“இல்ல சார். தச்சர்தான் ஓரத்துல கொஞ்சம்…”

“கொஞ்சம்?”

“ஒண்ணுமில்ல சார். அது ஏற்கெனவே செத்த மரம். கடையில வாங்கும்போதே செத்துத்தான் இருந்துது.”

“செத்த மரத்தக் கொண்டாந்து வச்சுட்டு உயிர் மரம்னு பாராட்டு வாங்கினீங்களா?”

புரூஃப் சார் ஜன்னலை விட்டு நகர்ந்தார். வாழ்நாளில் எத்தனையோ சொற்களை அடித்திருக்கிறார். அடித்த சொல் திருப்பி அடித்தது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து, ஒரு பக்கெட்டுத் தண்ணீரை எடுத்துப் புதுத் தரையில் ஊற்றினார். உள்ளறையிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்ட டீச்சரம்மா, “செடிக்கு ஊத்தறீங்களா?” என்றாள். “மரத்துக்கும்மா” என்றார். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதோடு விஷயம் நின்றிருந்தால் ஒரு குடும்பத்தின் துயரமாக முடிந்திருக்கும். ஆனால் லேட்டஸ்ட்டு வந்து பார்த்துவிட்டான். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னறைக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் போட்டோ எடுத்து, அதற்கு ‘உயிர்த்தரை’ என்று பெயரும் வைத்து ஊரெல்லாம் பரப்பினான். “லேட்டஸ்ட்டா யாரும் தரைமேல நடக்கறதில்ல. வளக்கறாங்க” என்றான்.

தெருவுக்கே காய்ச்சல் பிடித்த மாதிரி ஆயிற்று. மரத்தரை இருந்தவர்கள் ஊற்றினார்கள். லேமினேட்டுப் போட்டிருந்தவர்களும் ஊற்றினார்கள். அது ஊறி, உப்பி, மூலைக்கு மூலை எழும்பியதைப் பார்த்து, “எங்களுது நல்லா வளருது, வாங்க” என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். எதிர்வீட்டில் கம்பளத்துக்கு ஊற்றியதில் நாலாம் நாள் காளான் பூத்தது. அவர்கள் அதைக் காடு என்றார்கள். விருந்தாளிகள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்து, “ஆகா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். உள்ளே கூப்பிட்டால் கௌரவக் குறைச்சல். எல்லா வீட்டிலும் எல்லாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே போனார்கள். மரப் பிரிவு அந்த வருஷம் வைக்க வேண்டிய மரக்கணக்கு ஒரே தெருவில் நிறைவேறிவிட்டது. ஜன்னல்காரருக்குப் பதவி உயர்வு கிடைத்து, அவருக்குப் பெரிய ஜன்னலாகக் கொடுத்தார்கள்.

“இப்போ தெருவே என்ன மாதிரித்தான் நடக்குதா?” என்று கேட்டாள் டீச்சரம்மா. “அவங்களுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?”

புரூஃப் சார் பக்கெட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.

மர அலுவலர் வாராவாரம் வருவார். படியில் நின்று குனிந்து, மரம் ஈரமாக இருக்கிறதா என்று குடைக்கம்பியால் தொட்டுப் பார்ப்பார். ஒரு வாரம் ஈரம் நடுவில் எட்டியிருக்கிறதா என்ற சந்தேகம் வந்து, கொஞ்சம் அதிகமாகவே குனிந்துவிட்டார். குடை முதலில் போயிற்று. பின்னாலேயே அவரும் போனார். ஊறி வழவழத்துக் கிடந்த பலகையில் முன்னறை முழுவதையும் ஒரே சறுக்காகக் கடந்து, உள்ளறை வாசலில் நின்ற டீச்சரம்மாவின் காலடியில் வந்து சேர்ந்தார்.

டீச்சரம்மா பழக்கத்தில் விசில் ஊதினாள். “அவுட்டு” என்றாள்.

“ஐயோ கணுக்காலு! எழுதுங்க சார், வேலை நேரத்துல காயம்னு எழுதினாத்தான் லீவு கிடைக்கும்” என்று மர அலுவலர் முனகினார். புரூஃப் சார் பேனாவை எடுத்தார்.

“எதுலேருந்து விழுந்தீங்க சார்?”

“மரத்து…” என்று ஆரம்பித்த மர அலுவலர் சட்டென்று நிறுத்தினார். மரத்திலிருந்து விழ வேண்டுமென்றால் முதலில் ஏறியிருக்க வேண்டும். ஏறக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னதே அவர்தான். முகம் வெளுத்துவிட்டது. “தரையில… தரையிலதான் வழுக்கி விழுந்தேன்.”

“இங்க தரை ஏது சார்? நீங்கதானே மரம்னீங்க?”

“யார் சொன்னது? இது பச்சைத் தரை சார்! கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“தரைன்னா நான் நடக்கலாமா?” என்றாள் டீச்சரம்மா.

“நடங்கம்மா! ஓடுங்க! என்னை முதல்ல தூக்கி உட்கார வைங்க!”

அவரைத் தூக்கி டீச்சரம்மாவின் கட்டிலில் உட்கார வைத்தார்கள். “தொடைங்க” என்றாள் டீச்சரம்மா கணவரைப் பார்த்து. புரூஃப் சார் தோளில் கிடந்த துண்டாலும், அது போதாமல் கட்டிலில் கிடந்த போர்வையாலும், முழங்காலிட்டு ஒரு பலகை விடாமல் துடைத்தார். அவள் காலை வைத்தாள். நின்றாள். இன்னொரு காலை வைத்தாள். சுவர் அவளுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தெருக்கதவு வரை போய், அதைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்து வந்தாள்.

“புடிச்சுக்குதுங்க” என்றாள்.

புரூஃப் சார் மூக்கைத் துடைத்துக்கொண்டார். துண்டு நனைந்திருந்தது தண்ணீரில்தான் என்று மர அலுவலரிடம் சொன்னார். அவர் கேட்கவே இல்லை. அவர் கட்டிலில் சாய்ந்தபடி உத்தரவை எழுதிக்கொண்டிருந்தார்: ‘மேற்படி வீடு: மரம் இல்லை. தரை மட்டும்.’

அலுவலகத்தின் உத்தரவுகள் எல்லாம் அச்சாவது புரூஃப் சாரின் அச்சகத்தில்தான். அந்த வாரம் வந்த காகிதக் கட்டுக்குள் அவர் வீட்டு உத்தரவும் அவர் மேஜைக்கே வந்தது. ஆசையோடு படித்தார். படித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

‘மேற்படி வீடு: மரம் இல்லை. தரைமட்டம்.’

‘டு’வில் இருக்க வேண்டிய சுழி விழுந்து, இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தன. வேறு யாருக்கானாலும் கண்ணை மூடிக்கொண்டு திருத்தியிருப்பார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றியும் விட்டார். அப்போது ஒரு யோசனை வந்தது. இடிந்து தரைமட்டமான வீட்டுக்கு மரம் ஏது, தரை ஏது? அங்கே பார்வையிட யார் வருவார்கள்? இதைத் திருத்தப் போனால் மறுபடி ஜன்னல், மறுபடி ‘நேத்து இருந்த மரம் என்னாச்சு?’ அவள் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்த நடை ஞாபகத்துக்கு வந்தது. புரூஃப் சார் பேனாவை மூடினார். ஓரத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொழிலுக்கு வந்து அவர் தெரிந்தே விட்ட முதல் பிழை அது.

நினைத்தபடியேதான் நடந்தது. இல்லாத வீட்டைத் தேடி யாரும் வரவில்லை. தண்ணீர் ஊற்றச் சொல்லவில்லை. டீச்சரம்மா காலையும் மாலையும் முன்னறையில் நடந்தாள், பிறகு தெருவில் நடந்தாள், பிறகு பள்ளிக்கே போனாள். விசில் மறுபடி தெருக்கோடி வரை கேட்டது.

அவள் மட்டும் கைவீசி நடப்பதைத் தெரு பார்த்துக்கொண்டே இருந்தது. ரகசியம் எப்படியோ லேட்டஸ்ட்டின் காதுக்கு எட்டியது. “உயிர்த்தரையெல்லாம் பழசு. லேட்டஸ்ட்டா எல்லாரும் தரைமட்டத்துக்குப் போய்ட்டாங்க” என்று அறிவித்தான். காளான் வீட்டுக்காரர்தான் முதலில் ஓடினார். பெரிய ஜன்னலின் முன்னால் தெருவே வரிசையில் நின்றது. எல்லோரும் கட்டத்துக்குள் சுருக்கமாக ஒரே சொல்லை எழுதினார்கள். அந்த உத்தரவுகளும் புரூஃப் சார் மேஜைக்கு வந்தன. ஒன்றில்கூடப் பிழையில்லை.

ஒரு காலை நேரம் தெருவே அதிர்ந்தது. இடிக்கிற வண்டி ஒன்று வந்து புரூஃப் சார் வீட்டு வாசலில் நின்றது. முன்னால் கையில் காகிதக் கட்டோடு ஓர் அதிகாரி.

“நான் நேர்செய் அலுவலர். பதிவும் நிஜமும் ஒத்துப்போகுதான்னு பாக்கறது என் வேலை. பதிவுல தரைமட்டம்னு இருக்கு. நிஜத்துல வீடு நிக்குது. இது சரியில்லையே.”

“அப்போ பதிவத் திருத்துங்க சார்!” என்றார் புரூஃப் சார்.

“பதிவத் திருத்த முடியாது. வீட்டத் திருத்தலாம்.”

“அச்சுப்பிழை சார் அது! ‘மட்டும்’கறது ‘மட்டம்’னு ஆயிருச்சு. ஒரே ஒரு சுழி சார்!”

அலுவலர் காகிதத்தைப் புரட்டினார். “இங்க ஓரத்துல ‘சரி’ன்னு போட்டு ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காரே?”

“நான்தான்.”

“நீங்க பாத்த புரூஃப்ல பிழை இருக்குமா?”

இந்தக் கேள்விக்கு வேறு எந்த நாளிலும் புரூஃப் சார் மார்பைத் தட்டிப் பதில் சொல்லியிருப்பார். இன்று சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கையால் மறைத்துக்கொண்டார். வண்டி உறுமிக்கொண்டு முன்னால் வந்தது.

விசில் பறந்தது. வண்டிக்காரர் திடுக்கிட்டு நிறுத்திவிட்டார். முன்னறையின் நடுவில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு டீச்சரம்மா நின்றாள்.

“அம்மா, வீட்ட விட்டு வெளிய வாங்க” என்றார் அலுவலர்.

“எந்த வீட்ட விட்டு?”

“இந்த வீட்ட விட்டுதாம்மா.”

“உங்க பதிவுல இங்க வீடு இருக்கா?”

அலுவலர் பார்த்தார். “இல்ல.”

“அப்போ நான் எங்க நிக்கறேன்?”

அலுவலர் யோசித்தார். “வெட்டவெளியில.”

“வெட்டவெளியில ஒரு பொம்பள செவனேன்னு நிக்கறா. அங்க எதுக்கு வண்டியக் கொண்டு வர்றீங்க? இல்லாத வீட்ட இடிக்கறதுக்கு எந்த விதியில இடமிருக்கு?”

அலுவலர் விதியைப் புரட்டினார். இடமில்லைதான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “நீங்க சொல்றதும் சரிதான்” என்று சொல்லி வண்டியைத் திருப்பச் சொன்னார். புரூஃப் சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குள் தெருவே திரண்டு வந்துவிட்டது. ஆளாளுக்குக் கையில் உத்தரவு. “சார், அவங்களுக்கு வேண்டாம்னா விடுங்க, எங்க வீட்டுக்கு வாங்க!” என்றார் காளான் வீட்டுக்காரர். “அவருக்கு முன்னாடியே நான் வரிசையில நின்னேன் சார்!” என்றார் இன்னொருவர். “நாங்க எப்பவோ சாமானெல்லாம் எடுத்து வெளிய வச்சுட்டோம்!” என்று மூன்றாவது வீட்டு அம்மாள் கத்தினாள். லேட்டஸ்ட்டு நடுவில் நின்று எல்லோரையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். சுவரில்லா வாழ்க்கை என்று ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டான்.

சாயங்காலத்துக்குள் தெரு சுத்தமாகிவிட்டது. வீடு இருந்த இடங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவரையொருவர், “என்ன வெளிச்சம்! என்ன காத்து!” என்று பாராட்டிக்கொண்டார்கள். நடுவில் புரூஃப் சார் வீடு மட்டும், நாலு சுவரும் கூரையும் மரத்தரையுமாக, நின்றது.

லேட்டஸ்ட்டு அதை மேலும் கீழும் பார்த்தான். “என்ன மாமா இது? தெருவுலயே உங்க வீடு ஒண்ணுதான் பழைய மாடல்.”

புரூஃப் சாருக்கும், சொல்லப்போனால், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளே வந்தார். டீச்சரம்மா முன்னறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

“ஏம்மா, எல்லாரும் பண்ணிட்டாங்க. நாமளும் ஒரு செவுத்தயாச்சும்…” என்று ஆரம்பித்தார்.

டீச்சரம்மா நடையை நிறுத்தி, மூலையிலிருந்த தண்ணீர் பக்கெட்டைத் தூக்கி, அவர் தலையைக் குறிபார்த்தாள்.